நுனி மட்டும் மடங்கணும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோயாளிகளின் போனை எடுக்கக் கூடாது என்று அவள் எத்தனையோ முறை முடிவு செய்திருக்கிறாள். முடிவு செய்வதோடு சரி. அன்றும் ஈரத்துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, துணி கிளிப் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, போனைக் காதுக்குக் கொடுத்துவிட்டாள்.

"டாக்டரம்மா, நீங்க அனுப்பின வீடியோவுல ஒண்ணுமே தெரியலம்மா," என்றார் பேக்கரிக்காரர். "ஜன்னல்தான் தெரியுது. ஜன்னல் ரொம்ப அழகா இருக்கு, குத்தம் சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி கறுப்பா ஏதோ ஒண்ணு ஆடுது. அது உங்க கையா, இல்ல காக்காவா?"

அவள் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் கை, விரல் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். விரல் டாக்டர் என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் நோயாளிகள்தான். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

பேக்கரிக்காரருக்கு ரொட்டி வெட்டும் கத்தியால் வலது ஆள்காட்டி விரலில் ஆழமான வெட்டு. விரலை மடக்கும் தசைநார் உள்ளே அறுந்துபோய், சர்ஜன் அதைத் தைத்து, பிறகு அவளிடம் அனுப்பினார். நன்றாகத்தான் தேறிக்கொண்டு வந்தார். நடுவில், தனியாக இருந்து கஷ்டப்பட வேண்டாம் என்று மகள் வந்து தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். "பயிற்சியை வீடியோவா அனுப்புறேன், பாத்துப் பாத்துப் பண்ணுங்க" என்று இவள் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதன்படி ஒரு மதிய இடைவேளையில், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, அவசர அவசரமாக எடுத்து அனுப்பியும் விட்டாள். எடுத்ததைத் திரும்பப் பார்க்கக்கூட நேரமில்லை.

"சரி, நீங்க எப்படிப் பண்றீங்கன்னு சொல்லுங்க," என்றாள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"விரலை மடக்குறேன். நீட்டுறேன்."

"எந்த இடத்துல மடக்குறீங்க?"

"விரல்லதாம்மா."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "முழு விரலையுமா? நுனி மட்டும் மடங்கணும்னு சொன்னேனே! நடு எலும்பை அடுத்த கையால அசையாமப் பிடிச்சுக்கிட்டு, நகம் இருக்கற நுனியை மட்டும்."

"வீடியோவுல முழு விரலும்தானே மடங்குது?"

"அது இருட்டா இருந்ததால உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

"இருக்கலாம். எனக்கு வாயால சொன்னா ஏறாதும்மா. கண்ணால பாக்கணும். மாவு பிசையறதைக்கூட நான் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

வீடியோ காலில் காட்டலாமென்றால், அவர் மகள் வீட்டில் சிக்னல் பேருக்குத்தான். அவர் முகமே கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வரும். வார நடுவில் சர்ஜனிடம் போய்க் காட்ட வேண்டும். அதற்குள் நுனி அசைய ஆரம்பிக்கவில்லை என்றால் தைத்த இடம் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மறுபடியும் கத்தியை எடுப்பார்கள்.

"இன்னிக்கே நல்லதா எடுத்து அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினால், பின்னால் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான்.

கொழுந்தனுக்கு வீட்டில் பெயர் டைரக்டர். வேலை செருப்புக் கடையில். ஆனால் முன்பு சில மாதங்கள் விசேஷங்களுக்கு வீடியோ எடுக்கும் ஒருவரிடம் விளக்குப் பிடித்திருக்கிறான். அந்தச் சில மாதங்களைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் சில வருடங்கள் பேசுவான்.

"அண்ணி," என்றான், கைக்குழந்தையை மொட்டை மாடியில் தனியாக விட்டுவிட்டு வந்தவளைக் கேட்பது போல. "பின்னாடி ஜன்னலை வச்சா எடுத்தீங்க?"

இவனிடம் மட்டும் கேட்கக் கூடாது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். கேட்காமலேயே வந்துவிட்டான்.

"ஒரு அஞ்சு நிமிஷ வேலை. நானே பாத்துக்கறேன்."

"அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சதாலதான் காக்கா ஆயிடுச்சு," என்றான் டைரக்டர்.

முதல் சிக்கல், எந்தப் போனில் எடுப்பது என்பது. அவளுடைய போன் பல முறை கீழே விழுந்து பிழைத்தது. கேமராக் கண்ணாடியில் கீறல் வேறு. கணவனுடையது புதுசு, கேமரா பளிச்சென்று இருக்கும். ஆனால் அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஞாயிறு அவசர அழைப்புக்கு அவன் முறை.

"தாராளமா எடுத்துக்கோ," என்றான் கணவன், ஷேவிங் நுரையோடு. "ஆனா ஏர்ப்ளேன் மோடுல மட்டும் போட்டுடாதே. யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"நடுவுல போன் வந்தா ஷூட்டிங் கெடும்ணா," என்றான் டைரக்டர்.

"உன் ஷூட்டிங்குக்காக ஒரு ஆளை லிஃப்ட்டுக்குள்ள வச்சிருக்க முடியுமாடா?"

டைரக்டர் அதற்குமேல் வாதாடவில்லை. சாப்பாட்டு மேசையை ஹாலுக்கு இழுத்தான். பிறகு அதைக் குறுக்கே திருப்பினான். பிறகு மறுபடி நேராகவே திருப்பினான். படுக்கை விரிப்பை எடுத்து அலமாரிக் கதவில் தொங்கவிட்டான். தன் அறையிலிருந்து மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றையும் வட்ட விளக்கு ஒன்றையும் கொண்டுவந்து வைத்தான். கடைசியில் பூந்தொட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்து, இரண்டு அடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"தொட்டி எதுக்கு?"

"ஃப்ரேமுக்கு ஒரு உயிர் வேணும் அண்ணி."

அவள் தொட்டியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"சரி, கதையைச் சொல்லுங்க. எங்க ஆரம்பிக்குது?"

"விரல் மடங்குது, நிமிருது. அவ்வளவுதான் கதை."

"அப்படிச் சொன்னா எப்படி? முதல்ல நீங்க அந்தக் கதவுல இருந்து மெதுவா நடந்து வரீங்க. உக்காருறீங்க. லேசா ஒரு சிரிப்பு. அப்புறம்..."

"பாரு," என்றாள் அவள். "அந்த மனுஷன் நான் சிரிக்கறதைப் பாக்கக் காத்துக்கிட்டு இல்ல. அவருக்கு என் மூஞ்சியே வேண்டாம். முழங்கைக்குக் கீழ மட்டும் எடு."

டைரக்டர் பெருமூச்சு விட்டான். பெரிய கலைஞர்களைப் புரிந்துகொள்ளாத உலகத்தைப் பார்த்து விடும் பெருமூச்சு.

முதல் தடவை எடுத்தபோது படம் முழுக்கக் கோடு கோடாக ஓடியது. டியூப் லைட்டால் வருகிறது என்று சொல்லி அதை அணைத்தான். இரண்டாவது தடவை அவள் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் புயல் மாதிரி பதிவாகியிருந்தது. விசிறியையும் நிறுத்தினான். வேர்வை வழிய மறுபடி ஆரம்பித்து, "நடு எலும்பை இப்படிப் பிடிச்சுக்கணும்" என்று அவள் சொன்ன அதே நொடியில் சமையலறையில் மிக்ஸி உறுமியது.

"அத்தை!"

"சட்னி அரைக்கறேன்மா," என்று உள்ளிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "நீங்க பாட்டுக்கு எடுங்க, எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

மிக்ஸி நின்றது. நின்றதுமே மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து, நேராக விளக்கை மறைத்துக்கொண்டு நின்றாள். அவளை நகர்த்தி உட்கார வைத்தார்கள். அடுத்த தடவை எல்லாம் சரியாக இருந்தது, படம் மட்டும் தெளிவதும் மங்குவதுமாக மூச்சு வாங்கியது. கேமரா அவள் விரலை விட்டுவிட்டு சட்டைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தது. டைரக்டர் திரையில் விரல் தெரிந்த இடத்தில் தன் விரலை அழுத்திப் பிடித்து, "இப்ப ஃபோகஸைப் பூட்டியாச்சு, இனிமே அது எங்கயும் ஓடாது," என்றான். அது ஓடவில்லை. மேல் வீட்டுக்காரர்கள் கட்டிலை இழுக்க ஆரம்பித்தார்கள்.

"இவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் கட்டில் நகரணுமா?" என்று அவள் கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

"நாமளும் இப்பதானே மேசையை இழுத்தோம்," என்றாள் மாமியார்.

அவளுக்குப் பொறுமை கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. துவைத்த துணி பாதி கூடையிலேயே கிடந்தது. சாப்பாட்டு மேசை ஹாலில் நின்றது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளில் எத்தனை விரலை மடக்கி நிமிர்த்துகிறாள்! இங்கே ஒரே ஒரு விரல் ஒழுங்காக மடங்குவதைப் பதிய முடியவில்லை.

கட்டில் எங்கேயோ போய் நின்றது. "இப்ப பேசுங்க அண்ணி, சீக்கிரம்," என்றான் டைரக்டர். அவள் பேசினாள். குரல் தெளிவாக வந்தது, வெளிச்சம் நின்றது, யாரும் தும்மக்கூட இல்லை. முடிக்கப் போகும் நேரம். "இதை மெதுவா, அவசரப்படாம..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் போன் அலறியது.

கணவன் குளியலறையிலிருந்து பாய்ந்து வந்தான். யாரோ ஒரு பெண் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட்டில் சிக்கிக்கொண்டிருக்கிறாள். "கதவைத் தள்ள வேண்டாம்னு சொல்லுங்க, இதோ வரேன்," என்று பேசிக்கொண்டே கருவிப் பையைத் தோளில் மாட்டி, செருப்பில் காலை விட்டு, படியிறங்கிவிட்டான். போனோடு ஸ்டாண்டும் போனது. மூன்று கால்களும் காற்றில் ஆட அவன் ஓடுவதை வீட்டில் எல்லோரும் பால்கனியிலிருந்து பார்த்தார்கள்.

"அதுல ஒரு டேக் நல்லா வந்திருந்தது," என்றான் டைரக்டர் ஈனஸ்வரத்தில்.

அப்போதுதான் அவள் வெடித்தாள். "போதும்! ஒரு சின்ன வேலை. ஒரு கையைப் படம் பிடிக்கற வேலை. காலையில இருந்து வீட்டைப் புரட்டிப் போட்டு, விளக்கு, விரிப்பு, தொட்டி! அங்க ஒரு மனுஷன் விரல் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் ஆஸ்பத்திரிக்கே போய் எடுத்துக்கறேன், விடு."

மாமியார், "இன்னிக்கு உங்க பிரிவு பூட்டியிருக்குமே," என்றாள் மெல்ல.

பிறகு டைரக்டர் அவள் போனைக் கேட்டு வாங்கினான். மாமியாரின் மூக்குக் கண்ணாடித் துணியால் கேமராவைத் துடைத்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். மறுபடி துடைத்தான். "கீறல் ஓரத்துலதான் இருக்கு. நடுவுல சுத்தம். இத்தனை நாள் எண்ணெய்க் கையால தொட்டுத் தொட்டு மங்கலாயிருக்கு, அவ்வளவுதான்," என்றான். இந்த முறை அவன் குரலில் அலட்டல் இல்லை.

ஆனால் போன் படம் எடுக்க மறுத்தது. இடம் இல்லையாம். என்னதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், மாமியார் தினமும் காலையில் அனுப்பும் பூப்படங்கள். ரோஜா, தாமரை, சூரியகாந்தி, நடுநடுவே வாத்து.

"நான் அனுப்பின பூவையெல்லாம் அழிக்கப் போறீங்களா?" மாமியார் முகம் சுருங்கியது.

"உங்க போன்ல அப்படியே இருக்கும் அத்தை. இங்கதான் அழிக்கிறோம்."

"அப்ப நீ அதைப் பாக்கறதே இல்ல."

"பாத்துட்டுத்தான் அத்தை அழிக்கிறேன்!" என்று அவள் கத்தினாள். பூக்கள் போன பிறகு நிறைய இடம் கிடைத்தது.

டைரக்டர் வட்ட விளக்கை அணைத்துவிட்டு மேசையை ஜன்னல் பக்கம் தள்ளினான். இந்த முறை ஜன்னல் பின்னால் இல்லை, இடது பக்கமாக இருந்தது. வெயில் நேராக விழாமல் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினான். மேசைமேல் கறுப்புத் துண்டை விரித்தான். ஸ்டாண்டு ஓடிப்போய்விட்டதால், தடிப்புத்தகங்களை இரண்டு அடுக்காக வைத்து, அவற்றின்மேல் அலமாரிப் பலகை ஒன்றைப் பாலம் மாதிரி போட்டு, போனின் கேமராப் பகுதி மட்டும் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு கீழே பார்க்கும்படி கிடத்தினான். போன் சரியாமலிருக்க அதன்மேல் ஒரு உப்புப் பொட்டலம்.

"எதுக்கு மேல இருந்து?"

"அவர் தன் கையைக் குனிஞ்சு பாத்தா எப்படித் தெரியுமோ, அப்படியே இதுலயும் தெரியும். எதிர்ப்பக்கத்துல இருந்து எடுத்தா அவர் மனசுல திருப்பிப் போட்டுப் பாக்கணும். ஜூமும் வேண்டாம். கையையே கிட்ட கொண்டு வாங்க."

நல்ல யோசனை. நல்ல யோசனை என்பதே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏர்ப்ளேன் மோடில் போட்டான். கட்டில் நகரவில்லை, மிக்ஸி அடங்கியிருந்தது. அவள் பேசி முடித்தாள். டைரக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தும் பொத்தானை அமுக்கினான்.

திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அவளே அசந்துவிட்டாள். நகத்தின் மெல்லிய வரிகள், கணுவின் சுருக்கங்கள், தோலில் ஒட்டியிருந்த துணிநூல், எல்லாம் தொட்டுவிடலாம் போலத் தெரிந்தன. அவள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"எப்படி?" என்றான் டைரக்டர், காது வரைக்கும் சிரிப்போடு.

மறுபடியும் போடச் சொன்னாள். போட்டான். மறுபடியும் போடச் சொன்னாள்.

"நுனியை மட்டும் மடக்குங்க," என்று அவள் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. படத்திலோ நடுக்கணுவும் சேர்ந்து மடங்கியது. கொஞ்சம்தான். ஆனால் மடங்கியது. இடது கை அந்த எலும்பைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருப்பது போல் வைத்திருந்ததே தவிர, பிடிக்கவில்லை. கட்டைவிரல் வழுக்கி வழுக்கி விலகியது.

"இன்னொரு தடவை எடுக்கலாம்."

எடுத்தார்கள். நடுக்கணு மடங்கியது.

"இன்னொரு தடவை."

"அண்ணி, ஃபோகஸ் கச்சிதமா இருக்கு. வெளிச்சம் கச்சிதமா இருக்கு. இதுல என்ன குறை கண்டீங்க?"

"எடுன்னா எடு."

இப்போது உயிரை வாங்குவது அவள் முறை, பெருமூச்சு விடுவது அவன் முறை. அடுத்ததில் அவள் இடது கட்டைவிரலை ஊன்றி அழுத்தினாள். அதன் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சுருக்கென்று இழுத்தது. பிடி தானாகவே தளர்ந்தது. சரி, கையை மாற்றிப் பார்க்கலாம் என்று வலது கட்டைவிரலால் பிடித்தாள். வாயிலிருந்து "ஸ்ஸ்" என்று சத்தம் வந்துவிட்டது. அந்தச் சத்தம்கூடத் தெளிவாகப் பதிவானது.

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். "என்னம்மா கையில?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாமதான் பாட்டில் மூடியெல்லாம் என்கிட்டயே நீட்டுறியா? துணியை முறுக்கிப் பிழியறதையும் விட்டுட்ட. சொட்டச் சொட்டத்தான் கூடையில போடற. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பல வருடங்களாக மற்றவர்களின் விறைத்த கைகளை அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் மூட்டுகள் தேய்ந்துகொண்டு வந்தன என்பது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. காலையில் வலிக்கும். சாயங்காலம் இன்னும் வலிக்கும். "வலியை மறைக்காதீங்க, மறைச்சா மூட்டுதான் பதில் சொல்லும்" என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கண்டிப்பாகச் சொல்கிறவள், தன் கையைத் தானே பார்த்ததில்லை. இப்போது கண்ணாடி போலத் துலங்கும் படத்தில் முதல்முறையாகப் பார்த்தாள். கட்டைவிரலின் அடியில் எலும்பு லேசாகப் புடைத்திருந்தது. வேறு யாருடைய கையாக இருந்தாலும் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பாள்.

அதைவிட இன்னொன்று அவளை உறுத்தியது. பேக்கரிக்காரர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. இருட்டில் கறுப்பாக ஆடிய அந்தக் கையிலும் முழு விரல்தான் மடங்கியிருக்கிறது. அவர் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறார். அவர் கண்ணைக் குறை சொன்னது அவள்.

"விடுங்க அண்ணி," என்றான் டைரக்டர், முகத்தைப் பார்த்துவிட்டு. "நான் வேணா என் கையை வைக்கிறேன்."

"நீ வச்சா யார் எடுக்கறது?"

இருவரும் ஒரே சமயத்தில் மாமியாரைப் பார்த்தார்கள்.

மாமியார் வேலைக்குப் போன காலமெல்லாம் தட்டச்சு செய்தவள். பத்து விரலும் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியாகச் சொன்னபடி செய்யும். ஒரே ஒரு முறை காட்டிக்கொடுத்தவுடன், நடு எலும்பை இடுக்கி போலப் பிடித்து, நுனியை மட்டும் அழகாக மடக்கிக் காட்டினாள். நடுக்கணு அசையவே இல்லை.

"அதேதான் அத்தை! அப்படியே இருங்க!"

"இரு, நகத்துக்குச் சாயம் வச்சுக்கிட்டு வந்துடறேன்."

"அத்தை, இது விரல் பயிற்சி..."

"ஊர்க்காரங்க பாக்கப் போற கை. உரிஞ்சுபோன நகத்தோடயா வைப்பேன்?"

சாயம் வைத்துக்கொண்டாள். காயக் காத்திருந்தார்கள். ஊதினாள், காத்திருந்தார்கள். அதற்குள் வெயில் நகர்ந்துவிட்டதால் டைரக்டர் மேசையைத் திரும்பவும் தள்ளினான். எல்லாம் தயாராகி, அவள் விளக்கிச் சொல்ல ஆரம்பித்ததும், மாமியார் விரலை மடக்கிக்கொண்டே, "இது போதுமா, இன்னும் மடக்கணுமா?" என்று கேட்டாள்.

"அம்மா, நீ பேசக் கூடாது!"

"பேசாம எப்படிடா கேக்கறது?"

"கேக்கவும் கூடாது!"

அடுத்த தடவை மாமியார் பேசவில்லை. ஆனால் தலையைக் குனிந்து பார்த்ததில் நரைமுடி ஒரு கற்றை படத்துக்குள் தொங்கியது. அதற்கடுத்த தடவை உதட்டை இறுக மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்தபடியே செய்தாள். விரல் நுனி மடங்கியது, நிமிர்ந்தது. மருமகள் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த இடத்தில் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, எங்கே இழுத்தால் நிறுத்துவது. டைரக்டர் நிறுத்தியபோது மூன்று பேரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

அதோடு முடிந்ததா? அனுப்பினால் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது படம் மசமசவென்று மங்கியிருந்ததாம். செயலி தன் இஷ்டத்துக்கு அதைச் சுருக்கிவிட்டதாம். "வீடியோவா அனுப்பாதீங்க, கோப்பா அனுப்புங்க, சுருக்காது," என்றான் டைரக்டர். கோப்பு ஆமை வேகத்தில் போனது. பாதியில் நின்றது. அவள் பால்கனிக்குப் போய் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தது. டைரக்டர் வந்து வாங்கிக்கொண்டு அவன் தூக்கிப் பிடித்தான்.

மதியச் சாப்பாடு ஆறிப்போன பிறகு பேக்கரிக்காரர் கூப்பிட்டார்.

"இப்ப தெளிவா இருக்கும்மா. நானும் பண்ணிப் பாத்தேன். இப்படிப் பிடிச்சா மடக்கவே முடியலையே? ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"கஷ்டமாத்தான் இருக்கும். அதுதான் சரி. இங்க பாருங்க, நீங்க இத்தனை நாள் பண்ணதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. முதல் வீடியோவுல நான் காட்டினதே தப்பு. என் பிடி வழுக்கியிருக்கு. நான் கவனிக்கல."

திட்டப் போகிறார் என்று அவள் நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

"பரவால்லம்மா," என்றார். "இப்பவாவது தெரிஞ்சுதே. ஆமா, இது யார் கை? உங்களது இல்லையே."

"என் மாமியார் கை."

"நல்ல பிடி. மாவுக்கு ஏத்த கை."

போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் மாமியார் அதைக் கேட்டுவிட்டாள். அன்று முழுக்க அவளோடு பேச முடியவில்லை.

சாயங்காலம் கணவன் ஸ்டாண்டோடு திரும்பி வந்தான். சிக்கிய பெண் பத்திரமாக வெளியே வந்துவிட்டாள். வந்ததும் முதல் கேள்வியாக, "லிஃப்ட் ரிப்பேருக்கு எதுக்குங்க கேமரா ஸ்டாண்டு?" என்று கேட்டாளாம். அவன் போனில் பாதியில் நின்ற அந்த நல்ல டேக் இருந்தது. இவள் போட்டுப் பார்த்தாள். அதிலும் நடுக்கணு மடங்கியது. போன் அந்த நேரத்தில் அலறாமல் இருந்திருந்தால் அதைத்தான் அனுப்பியிருப்பாள். யாரிடமும் சொல்லாமல் அதை அழித்தாள். பிறகு மேசையை யார் திரும்ப உள்ளே இழுப்பது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போட, அவள் தலையில் அடித்துக்கொண்டு, மீதித் துணியை உலர்த்தப் போனாள்.

வார நடுவில் பேக்கரிக்காரர் சர்ஜனைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினார். நுனி அசைகிறதாம். ரொம்ப இல்லை, தலையசைப்பது போல ஒரு சின்ன அசைவு. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், பயிற்சியை விடாதீர்கள் என்று சர்ஜன் சொன்னாராம். பேக்கரியை எப்போது திறக்கலாம் என்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லையாம்.

அதே நாள், ஆஸ்பத்திரியில் கடைசி நோயாளி போன பிறகு, அவள் தன்னுடன் வேலை செய்யும் இளைய தெரபிஸ்ட்டின் எதிரில் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். இளையவள் கட்டைவிரல் அடியை லேசாக அழுத்தினாள். அவள் துள்ளினாள்.

"எத்தனை நாளா அக்கா?"

"கொஞ்ச நாளா."

இளையவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். நோயாளிகள் அப்படிச் சொல்லும்போது இவள் பார்க்கும் அதே பார்வைதான். பிறகு கட்டைவிரலைத் தாங்கும் பட்டையை எடுத்து வந்து, விறைத்த கைகளை அழுத்தும் வேலையைக் கொஞ்ச காலம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டே, மாட்ட ஆரம்பித்தாள்.

"அந்தப் பட்டையை இன்னும் கீழ இறக்கிக் கட்டணும்," என்றாள் அவள். "அங்க இல்ல, மணிக்கட்டுக்குக் கிட்ட. நீ ரொம்ப இறுக்கற."

"அக்கா, இன்னிக்கு நீங்க நோயாளி. பேசாம இருங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பட்டை கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது.